பழைய பேண்ட்சாவில் டயர் ஒட்டுவேலை: இரண்டு மழைக்காலம் ஓட்டிய அனுபவம்

செகண்ட் ஹேண்டில் பேண்ட்சா (மேலும் கீழும் உள்ள இரண்டு வீல்களில் வளையமான ரம்ப பிளேடு ஓடி மரம் அறுக்கும் மிஷின்) வாங்கப் போகிறவர்கள் மோட்டார் சத்தத்தைக் கேட்பார்கள், டேபிளில் துரு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், விலையைக் குறைக்கச் சொல்வார்கள். கதவைத் திறந்து வீல் மேல் இருக்கும் ரப்பர் டயரைத் தடவிப் பார்ப்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான். பிளேடு ஓடுவது அந்த ரப்பர் மேல். அது கெட்டிருந்தால் புது பிளேடு, புது பேரிங் என்று எதை மாற்றினாலும் மரம் நேராக அறுபடாது.

என்னிடம் இருப்பது 14 அங்குல வீல் உள்ள வார்ப்பிரும்பு மிஷின். அம்பத்தூரில் பவுண்டரிகளுக்கு மர பேட்டர்ன் (வார்ப்பு எடுக்க உதவும் மர மாதிரி) செய்துகொண்டிருந்தவர் கடையை மூடும்போது கொடுத்தார். பாடியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மேல் வீல் டயரில் இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டாகப் பிய்ந்து உள்ளே இரும்பு தெரிந்தது. எப்போதோ பிளேடு கழன்று பல் ரப்பரில் இறங்கியிருக்கிறது. பக்கத்திலேயே பல் கீறிய தடம் வரிவரியாக இருந்தது. கீழ் வீலில் வேறு கதை. பிளேடின் டென்ஷனை, அதாவது அதை இழுத்துப் பிடிக்கும் விறைப்பை, தளர்த்தாமல் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்ததில், பிளேடு உட்கார்ந்த இடம் பள்ளமாகிவிட்டது.

ஓட்டினால் டக் டக் என்று தட்டும். இந்தச் சத்தம் கேட்டதும் பிளேடு வெல்டிங்தான் காரணம் என்று பலரும் பிளேடை மாற்றிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு என்றால் கோளாறு டயரில். 14 அங்குல வீலின் சுற்றளவு 44 அங்குலம், இந்த சைஸுக்கு வழக்கமாக வரும் பிளேடின் நீளம் 93½ அங்குலம். அதனால் வெல்டிங் இணைப்பு அதே இடத்துக்குத் திரும்பி வர வீல் இரண்டு சுற்றுக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். எண்ணிப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

மரவாடிக்காரர்கள், "எங்க மிஷின்ல வெறும் இரும்பு வீல்தானே சார், உங்களுக்கு எதுக்கு ரப்பர்?" என்பார்கள். அங்கே ஓடுவது அகலமான பிளேடு. அதன் பல் வீலின் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கும். நம் மிஷினில் அரை அங்குல பிளேடு முழுவதும் வீல் மேலேயே உட்காருகிறது. ரப்பர் இல்லாவிட்டால் பல்லின் செட் (பற்கள் இடமும் வலமுமாகச் சற்று வளைந்திருப்பது) இரும்பில் நசுங்கும், பிளேடுக்குப் பிடிப்பும் இருக்காது.

பாரிமுனையில் ரப்பர் ஷீட் வாங்கிய கடைக்காரர், "துண்டு ஒட்டினா நிக்காது சார், மொத்தமா உரிச்சுட்டுப் புதுசு போட்டுடுங்க" என்றார். பெரும்பாலான டயருக்கு அவர் சொன்னதுதான் சரி. நகத்தால் அழுத்திப் பார்த்து, தடம் மறையாமல் நின்றாலோ வெடிப்பு தெரிந்தாலோ ஒட்டுவேலை வீண். என் மேல் வீலில் மற்ற இடமெல்லாம் அழுத்தினால் உடனே எழும்பியது. அதனால் ஒட்டினேன்.

பிய்ந்த இடத்தின் இரண்டு முனைகளையும் கத்தியால் சாய்வாகச் சீவினேன். நேர்க்கோடாக வெட்டினால் இணைப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பிளேடுக்கு அடியில் வந்து தட்டும். புதுத் துண்டையும் அதே சாய்வில் வெட்டி, டயரைவிட மயிரிழை உயரமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். இரும்பில் இருந்த பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாளில் தேய்த்து, துடைத்துக் காயவிட்டேன். பிறகு ஃபெவிகால் எஸ்ஆர் 998 என்ற ரப்பர் பசை. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் அழுத்த வேண்டும்.

சென்னையில் இந்த வேலைக்கு நாள் பார்க்க வேண்டும். பசையில் உள்ள சால்வென்ட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றில் அந்தக் குளிர்ச்சியில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும். ஒட்டியது போலவே இருக்கும், ஓட்டினால் உரிந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் மதியம் ஒட்டி, மறுநாள்வரை விட்டுவிட்டேன்.

மீதி வேலை கிரவுனில். வீலின் நடுப்பகுதி விளிம்பைவிடச் சற்று உயர்ந்திருக்கும். அந்த மேடுதான் பிளேடை நடுவில் நிறுத்துகிறது. அரை மில்லிமீட்டர் உயரம்தான், ஆனால் அது தேய்ந்துபோனால் மேல் வீலின் சாய்வை மாற்றும் டிராக்கிங் திருகை எவ்வளவு திருகினாலும் பிளேடு ஒரு இடத்தில் நிற்காது. கட்டையில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, வீலைக் கையால் சுற்றியபடியே ஒட்டுத்துண்டை மற்ற ரப்பரோடு சமமாக்கினேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் முடித்து, கண்ணை மூடி விரலை ஓடவிட்டபோது இணைப்பு எங்கே என்றே தெரியவில்லை. அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

இரண்டு மழைக்காலமும் கத்திரி வெயிலும் பார்த்துவிட்டது அந்த ஒட்டு. வெயில் காலத்தில் ஒரு முனை நகக்கண் அளவு கிளம்பியது. அதே பசையைத் தொட்டுவைத்து அழுத்தியதோடு சரி. தட்டல் இல்லை. நான்கு அங்குலத் தேக்குக் கட்டையைப் பலகையாகப் பிளந்தால் மேலும் கீழும் கனம் ஒன்றாக வருகிறது. முன்பு அலை அலையாக வரும், இழைத்தே மரம் பாதி போய்விடும்.

கீழ் வீலில் பழையதை உரித்துவிட்டு பாலியூரிதேன் (ரப்பர் போல இழுபடும் பிளாஸ்டிக்) டயர் போட்டேன். அது வீலைவிடச் சின்ன சைஸாக வரும். வெந்நீரில் ஊறவைத்து, ஒரு இடத்தில் கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொண்டு இழுத்து மாட்ட வேண்டும். மாட்டியதும் டயருக்கு அடியில் உருண்டைக் குச்சி ஒன்றை நுழைத்து வீலைச் சுற்றி ஓட்டினால் இழுவிசை எல்லாப் பக்கமும் சமமாகும். பசை வேண்டாம். வாங்கும்போது ஈதர் வகையா எஸ்டர் வகையா என்று கேளுங்கள். எஸ்டர் வகை பாலியூரிதேன் ஈரத்திலும் சூட்டிலும் நாளடைவில் உதிரும். அலமாரியில் வைத்த ஷூவின் சோல் தானாகப் பொடிந்துபோவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான்.

துறைமுகப் பெட்டிகளின் பைன் மரம் அறுப்பவர்களுக்கு ஒன்று. அதன் பிசின் தூளோடு சேர்ந்து டயரில் கெட்டியாகி இன்னொரு கிரவுனாக வளரும். மெல்லிய மரச்சில்லால் சுரண்டுங்கள். தின்னரும் பெட்ரோலும் ரப்பரை உப்ப வைக்கும். கீழ் வீலில் உரசும்படி ஒரு பழைய நைலான் பிரஷ் வைத்திருக்கிறேன், தூள் சேர்வது நன்றாகவே குறைந்துவிட்டது. வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்திவிடுகிறேன்.

மேல் வீலுக்கும் ஒரு நாள் முழு டயர் போட வேண்டித்தான் வரும். ஆனால் இப்போதே வாங்கி வைக்கும் எண்ணம் இல்லை. ரப்பர் பொட்டலத்துக்குள்ளேயே இருந்தாலும் இறுகிப்போகும், தேவைப்படும்போது வாங்குவதுதான் நல்லது.