வின்னிபெக் ஏரி: எந்தத் துறை, எந்தப் படகு?

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் உள்ள வின்னிபெக் ஏரியின் பரப்பு சுமார் 24,500 சதுர கிலோமீட்டர். வடக்கு தெற்காக நீளம் 416 கிலோமீட்டர். சராசரி ஆழமோ வெறும் 12 மீட்டர். ஆழம் குறைவுதானே என்று தைரியமாக இறங்குபவர்கள்தான் இங்கே முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆழமில்லாத நீரில் காற்று கிளப்பும் அலை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும்பும். ஓர் அலையில் இறங்கிய படகின் முகப்பு நிமிர்வதற்குள் அடுத்த அலை உள்ளே கொட்டிவிடும். ஆகவே துறைகளை ஒப்பிடும்போது வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். காற்று புரண்டால் ஒதுங்க இடம் உண்டா என்பதே முதல் கேள்வி.

வசதியில் கிம்லியை மிஞ்ச ஆளில்லை. 1875இல் ஐஸ்லாந்துக்காரர்கள் வந்து குடியேறிய ஊர். வின்னிபெக் நகரிலிருந்து 8ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அலைதடுப்புச் சுவர் கொண்ட துறைமுகம், எரிபொருள், உணவகம் எல்லாம் உண்டு. ஏரி வடக்கு, தெற்கு என இரண்டு படுகைகளாக விரிகிறது. கிம்லி அருகே பரவியிருக்கும் தெற்குப் படுகை, வடக்கைவிட ஆழமும் அகலமும் குறைந்தது. துறைமுகத்தை விட்டு வெளியே வந்தாலோ நீண்ட திறந்த கரை. ஓடி ஒளியத் தீவுகள் அருகில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. தாம்பாளத்தைச் சாய்த்தால் நீர் ஒரு பக்கம் ஒதுங்குவதுபோல, வாடைக்காற்று விடாமல் வீசும்போது ஏரியின் நீரே தெற்கே குவிகிறது. தென்காற்று அதை வடக்கே தள்ளுகிறது. தென்கரையில் நீர்மட்டம் ஒரு மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். காலையில் படகை எளிதாக இறக்கிய சாய்தளத்தில் மறுநாள் நீர் பின்வாங்கியிருந்தால், டிரெய்லரின் சக்கரம் கான்கிரீட் முடிகிற விளிம்பைத் தாண்டிச் சேற்றில் விழும். காற்று எந்தத் திசையிலிருந்து, எத்தனை மணி நேரமாக வீசுகிறது என்று கேட்காமல் சாய்தளத்துக்குப் போகவே கூடாது.

அதே சாலையில் மேலும் வடக்கே போனால் ஹெக்லா. தீவுதான் என்றாலும் கரையோடு இணைக்கும் சாலை உண்டு. நுனியில் கல் ஹார்பர் என்னும் துறை. இரண்டு படுகைகளும் சந்திக்கும் குறுகலான நீர்வழி பக்கத்திலேயே இருக்கிறது. ஏரியை முதன்முதலாகப் பார்க்க வருபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். வடக்கிலிருந்து காற்றடித்தால் தீவின் தென்பக்கம், மேற்கிலிருந்து அடித்தால் கிழக்குப் பக்கம் என்று எப்போதும் ஒரு மறைவு கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: ஒரு படுகையிலிருந்து மறுபடுகைக்கு நீர் இந்த இடுக்கு வழியாகத்தான் பாய வேண்டும். பலமான காற்று திசை மாறும் நாளில் நீரோட்டம் ஒரு பக்கமும் அலை எதிர்ப்பக்கமுமாக மோதும். அன்று கரையில் உட்கார்ந்து மீன் பிடிப்பதே மேல்.

கிராண்ட் ரேபிட்ஸ் வேறு கதை. வின்னிபெக் நகரிலிருந்து 6ஆம் எண் நெடுஞ்சாலையில் 400 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இடையில் பெட்ரோல் கிடைக்கும் ஊர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வடக்குப் படுகையின் அகலம் 100 கிலோமீட்டரைத் தாண்டும், மறுகரை கண்ணுக்கே தெரியாது. தெற்கே போக நினைத்தால் பனியாறு விட்டுச்சென்ற கல்லும் மணலும் சேர்ந்த லாங் பாயிண்ட் என்னும் நீண்ட முனையைச் சுற்றியாக வேண்டும். நார்வே ஹவுஸ் என்னும் ஊர் இன்னும் தொலைவு; அங்கிருந்து பிளேகிரீன் ஏரியின் தீவுகளுக்கிடையே போய்த்தான் பெரிய ஏரியில் நுழைய முடியும். கையில் ஒரு வாரமும், அதில் பாதியைக் கரையிலேயே கழிக்கும் பொறுமையும் இல்லாதவர்கள் இரண்டையும் மறந்துவிடலாம்.

படகு விஷயத்தில் பலரும் பாய்மரப் படகையே உயர்த்திப் பேசுவார்கள். கிம்லிக்கும் ஹெக்லாவுக்கும் இடையே அது அருமையானதுதான். ஆனால் அடியில் ஒன்றரை மீட்டர் நீளும் கீலோடு ஆற்று முகத்துவாரங்களிலோ பாறைத்திட்டுகளுக்கிடையிலோ ஒதுங்க முடியாது. அலுமினிய விசைப்படகு ஒதுங்கும், விரைவாகத் திரும்பியும் வரும். அடிப்பாகம் ஆழமான வி வடிவில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். தட்டையான அடி கொண்டது இந்த அலையில் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். மூன்றிலும் கயாக்தான் எனக்குப் பிடித்தது, அதுவும் கிழக்குக் கரையில் மட்டும். மேற்கே சுண்ணாம்புக்கல் கரை, மறைவு குறைவு. கிழக்கே கருங்கல் தீவுகளும் சிறு குடாக்களும் நிறைய. தோல் வணிகக் காலத்தில் கனூக்களும், நார்வே ஹவுஸ் பக்கம் ஓடிய பெரிய யார்க் படகுகளும்கூடக் காற்று அடங்கும்வரை கரையில் காத்துக் கிடந்தன. கயாக்காரருக்கும் அதே விதிதான்: விடியலில் கிளம்பி, காற்று எழுமுன் கரையேறிவிடுங்கள்.

கனடாவின் வானிலைத் துறை இரண்டு படுகைகளுக்கும் தனித்தனியாக முன்னறிவிப்பு தருகிறது. நீங்கள் போகும் படுகைக்கானதைப் படியுங்கள். வடக்கே கைபேசியை நம்பாமல் செயற்கைக்கோள் கருவி வைத்துக்கொள்ளுங்கள். கோடையின் தொடக்கத்தில் நீர் இன்னும் குளிர்ந்தே இருக்கும், எனவே லைஃப் ஜாக்கெட் இருக்கைக்கு அடியில் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும். இலையுதிர் காலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2010 அக்டோபர் புயலில் தென்கரை எப்படி அரிக்கப்பட்டது என்பதை அங்குள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள். விசைப்படகு ஓட்டுவதற்கான அட்டையும் கட்டாயம். 2013இல் இந்த ஏரியில், படகோடு ஒட்டி வேறு நீர்நிலைகளுக்குப் பரவும் வரிக்குதிரைச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டதால், படகை வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோகுமுன் கழுவி, நீரை வடித்து, உலர்த்துவது சட்டம். அந்த வேலைக்கு ஒரு மணி நேரத்தைப் பயணத் திட்டத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.