பரண் மேல் மறைவுக் கூடாரம்: ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மானைப் படமெடுக்க ஒளிந்து உட்காரும் கூடாரத்தில், துணியில் அச்சடித்த இலைக்கோலத்துக்குத்தான் கடையில் விலை சொல்கிறார்கள். மானின் கண்ணுக்குத் தப்ப அந்தக் கோலம் செய்கிற உதவி சொற்பம். கூடாரத்துக்குள் எவ்வளவு இருட்டு, காற்று எந்தப் பக்கம் இறங்குகிறது, ஆள் அசைந்தால் எது முனகுகிறது என்பதில்தான் காரியமே இருக்கிறது. சேர்வராயன் மலைச்சரிவில், சில்வர் ஓக் நிழலில், 12 அடி உயரப் பரண்மேல் மழையிலும் வெயிலிலும் நின்ற ஒரு மடக்குக் கூடாரத்தை வைத்து இதைச் சொல்கிறோம்.

அமெரிக்காவில் வெள்ளைவால் மானுக்காக வில்வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் வகைக் கூடாரம் இது. ஐந்தடிச் சதுரம், ஃபைபர் கிளாஸ் கம்பிகள், சுவர்களையும் கூரையையும் வெளியே இழுத்தால் விறைத்து நிற்கும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். எனவே இங்கே பேச்சு கேமராவைப் பற்றி மட்டும். இரை வைத்து இழுப்பதும் அந்தச் சட்டத்தில் வேட்டைக் கணக்கில்தான் வருகிறது. உப்புக்கட்டி, பலாச்சுளை கொட்டிவைத்துப் படம் எடுக்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பரண் பட்டா நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு இருக்க வேண்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் ஒரு கம்பிகூட ஊன்றக் கூடாது.

முதலில் பரண். நான்கு கால்களும் 2 அங்குல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), அடியில் சற்றே அகட்டி, ஒன்றரை அடி ஆழத்துக்கு கான்கிரீட். மேலே ஆறடிக்கு ஆறடி எல் ஆங்கிள் சட்டம், 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். காற்றுக்காகக் கயிறு கட்டி இழுத்து நிறுத்துவதுதான் வழக்கம். ஏற்காட்டுப் பக்கம் அது ஆகாது. காட்டெருமை தோட்டத்துக்குள் சர்வசாதாரணமாக வரும். கயிற்றில் கொம்பு மாட்டினால் பரணோடு சேர்த்து இழுத்துவிடும். கால்களுக்கு இடையே குறுக்குக் கம்பி போடுவதே சரி. பைப்பில் காட்டெருமை முதுகைத் தேய்த்துக்கொள்ளவும் செய்யும். அந்த ஆட்டத்தில் நட்டு தளரும் என்பதால் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு போட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் பழைய சைக்கிள் டியூப்பை வாஷராக வெட்டிக் கொடுக்க வேண்டும். இரும்போடு இரும்பு உரசும் கிறீச்சொலி அந்த ரப்பரில் அடங்கிவிடும்.

பிளைவுட் மேல் பலரும் கார்ப்பெட் விரிக்கிறார்கள். மலைப்பனியில் அது ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். மாட்டுத் தொழுவத்துக்கு விற்கும் தடித்த ரப்பர் மேட்டை வெட்டிப் போட்டால் காலடி ஓசையே வராது, துடைத்தாலும் போதும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சாய்ந்தால் முனகும். மரமுக்காலிதான் நல்லது. ஏணிப் படிகளில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றினால் செருப்புச் சத்தமும் வழுக்கலும் குறையும். ஆனால் அது நைந்துபோகும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மாற்ற வேண்டும்.

இனி காற்று. உயரத்தில் உட்கார்ந்தால் மனித வாசம் மிருகத்தின் தலைக்கு மேலேயே போய்விடும் என்று சமவெளிக் கணக்கில் சொல்வார்கள். மலைச்சரிவில் அப்படி நம்பி உட்கார முடியாது. விடியலில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவோடு கீழே வழியும். வெயில் சரிவில் பட்டுத் தரை சூடானதும் அதே காற்று மேல்நோக்கி ஏறத் தொடங்கும். மாலையில் நிழல் விழுந்தால் மறுபடி இறக்கம். ஆகவே விடியற்காலையிலும் அந்தியிலும் மிருகத்தின் தடம் பரணுக்கு மேல்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு கீழ்ப்பக்கம். இரண்டுக்கும் நடுவே காற்று திசை மாறும் வேளையில் அது சுழலும். அந்த அரைமணி, முக்கால்மணி நேரத்தில் எந்தக் கூடாரமும் காப்பாற்றாது. ஓடை இறங்கும் பள்ளத்தில் பரண் போட்டால் இந்தச் சுழல் நாள் முழுவதும் இருக்கும். தடம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

காற்றைப் பார்க்க எருக்கம் பஞ்சைவிட நல்ல கருவி கிடையாது. முகத்துக்குப் போடும் பவுடர் வாசம் அடிக்கும், ஊதுபத்தி அதைவிட மோசம். சேலத்தில் ரோட்டோரம் எங்கும் நிற்கிற எருக்கில் முற்றிய காயைப் பறித்து, வெடிக்குமுன் டப்பாவில் போட்டு வையுங்கள். ஒரு விதையைச் சன்னல் வழியே விட்டுவிட்டுப் பைனாகுலரில் பின்தொடருங்கள். பரண் பக்கத்தில் ஒரு திசையில் போகும் பஞ்சு, இருபது முப்பது மீட்டர் தாண்டியதும் காபிச் செடி மேல் படிந்து வேறு பக்கம் திரும்புவது கண்ணுக்குத் தெரியும். சாம்பல் தூவினால் பக்கத்துக் காற்று மட்டும்தான் தெரியும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதற்கென்று பயன்படுத்தும் மில்க்வீட் பஞ்சும் எருக்கின் சொந்தக்காரச் செடியிலிருந்து வருவதுதான்.

வாசம் போக்கும் ஸ்ப்ரே என்று விற்பதை வாங்குவது தண்டச் செலவு. மூச்சுக்காற்றிலும் தலையிலும் வருகிற வாசத்தை அது என்ன செய்யும்? கொசுக் களிம்பு, தேங்காய் எண்ணெய், பீடி இல்லாமல் வந்தாலே பாதி வேலை முடிந்தது. கொசுவுக்கு முழுக்கைச் சட்டையும் தலைவலையும் போதும். தோட்டத்து மிருகத்துக்கு மனித வாசம் புதிதல்ல. காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் அது தினமும் முகர்வதுதான். வேலையாட்கள் நடக்காத தடத்தில், அவர்கள் வராத நேரத்தில் அந்த வாசம் வந்தால்தான் தலை நிமிரும். எனவே பரணுக்கு ஆட்கள் போகும் வழியிலேயே போய், அவர்கள் திரும்பும் நேரத்தில் உள்ளே அமர்ந்துவிட வேண்டும். கூட ஒருவர் வந்து, ஏறியதும் அவர் மட்டும் பேசிக்கொண்டே திரும்பிப் போவது இன்னும் நல்லது. ஆள்காட்டிக் குருவியும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் அதோடு அடங்கும். அவை கத்திக்கொண்டிருக்கும்வரை மான் வெளியே வராது.

அடுத்து கண். மானுக்கு நிற உணர்வு இரண்டு வகை, நீலமும் பச்சையும். சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு மங்கலாகவே தெரியும். நீலம் பளிச்சென்று தெரியும். மனிதக் கண்ணின் வில்லை தடுத்துவிடும் புறஊதா ஒளியில் ஒரு பகுதி மானின் விழித்திரைவரை போகிறது. சலவைத் தூளில் துணி வெளுப்பாகத் தெரியக் கலக்கும் பொருள் புறஊதா ஒளியை நீல ஒளியாக மாற்றித் திருப்பிவிடும். இலைக்கோலச் சட்டையை அதில் துவைத்தால் அந்திவேளையில் அது மானுக்குத் தனியாகத் தெரியும். பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரில் அலசினால் இந்தத் தொல்லையும் இல்லை, வாசமும் குறைவு.

கூடாரத்துக்குள் இலைக்கோலமே தேவையில்லை. உள்சுவர் கறுப்பு, ஆகவே சட்டையும் கையுறையும் கறுப்பு. எதிரெதிர்ச் சன்னல்கள் இரண்டையும் திறந்தால் நடுவில் இருப்பவர் நிழலுருவமாகத் தெரிவார். திறந்த சன்னலுக்கு நேர் பின்னால் உள்ளதை மூடியே வையுங்கள். மாலையில் மேற்குச் சன்னலைத் திறந்தால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், வெளியிலிருந்து விளக்குப் போட்டதுபோலத் தெரியும். சன்னல் ஒரு சாண் பிளவு போதும். லென்ஸின் மூக்கு துணிக்கு வெளியே நீளக் கூடாது. ஆள் இரண்டரை அடியாவது பின்தள்ளி உட்கார வேண்டும். மேய்கிற மான் தலை கவிழ்ந்திருக்கும்போது மட்டும் லென்ஸைத் திருப்புங்கள். சந்தேகம் வந்த மான் மேய்வதுபோலக் குனிந்து சட்டென நிமிரும், அல்லது முன்னங்காலைத் தரையில் தட்டும். அப்போது இமைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

சத்தத்தில் இந்தக் கூடாரம் கடைசி மதிப்பெண் வாங்குகிறது. சன்னலில் வெல்க்ரோ, அதாவது ஒட்டிப் பிரிக்கும் பட்டை, வைத்திருக்கிறார்கள். அமைதியான காட்டில் அதைப் பிரிப்பது பட்டாசு. முழுவதையும் பிரித்துவிட்டு மரப்பொத்தானும் நாடாவும் தைத்துக்கொண்டோம். கதவு ஜிப்பில் மெழுகுவர்த்தி தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும். சுவர்த்துணி காற்றில் படபடப்பதைத் தடுக்க, மூலைக்கு மூலை உள்பக்கம் ரப்பர் கயிறு கட்ட வேண்டும். கேமராவில் சத்தம் வராத மின்னணு ஷட்டரையே பயன்படுத்துங்கள். போனை அணைத்துவிடுங்கள், அதிர்வில் வைத்தாலும் பிளைவுட் உறுமும்.

கூடாரம் எப்படி உழைக்கிறது? கம்பிகள் இணையும் உலோகக் குழாயில்தான் முதல் முறிவு வரும். சேலத்தில் எந்த லேத் பட்டறையிலும் அதற்கு உறை செய்து தருவார்கள். கூரையில் உள்பூச்சு பொருக்காக உதிர்கிறது. மேலே தனியாக ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தால் இது தள்ளிப்போகும், ஆனால் துணியைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி வேண்டும். புதிதாக வாங்கியதும் பிளாஸ்டிக் வாடை போக வெளியில் விரித்து வைக்க இரண்டு வாரமாவது ஆகும். குரங்கு கிழிக்கும். உணவுப் பொருள் ஒரு பிஸ்கட் துண்டுகூட உள்ளே விட்டுவைக்காதீர்கள். ஏறுமுன் டார்ச் அடித்துக் கூரை மூலைகளைப் பாருங்கள். குளவி கூடு கட்டும் இடம் அதுதான்.

கடைசியாகப் பாதுகாப்பு. பரண் ஏற இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. விழுந்தால் மூச்சை அடைக்கும். தோள், தொடை இரண்டையும் பிடிக்கும் முழு ஹார்னஸ் அணிந்து, தரையிலிருந்தே அதைப் பரண் மேலிருந்து தொங்கும் பாதுகாப்புக் கயிற்றோடு இணைத்து ஏறுங்கள். கேமராப் பையைத் தோளில் போட்டு ஏறாமல் பிறகு கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாத மாலைகளில் இடி முழக்கம் கேட்டால் இரும்புப் பரணில் இருக்கக் கூடாது. மேகம் திரளும்போதே இறங்கிவிடுங்கள். தனித்து மேயும் காட்டெருமைக் காளை அடியில் நின்றால் மட்டும் இறங்கும் பேச்சே இல்லை. அது விலகிப் போய், குளம்படிச் சத்தமும் நின்று கால்மணி நேரம் கழித்து, தோட்டத்து ஆளுக்குப் போன் செய்து ஜீப்பைப் பரண் அடிவரை வரச்சொல்லி இறங்குங்கள்.