இணைகோடு, செங்குத்துக் கோடு: இரண்டு பிள்ளைகளுக்கு ஜியோஜிப்ரா பயன்படுத்திய அனுபவம்

மகள் உயர்நிலை 3இல் ஏ மேத்ஸ் (கூடுதல் கணிதம்) எடுத்ததிலிருந்து ஜியோஜிப்ரா என்ற கணித வரைபடச் செயலி எங்கள் வீட்டில் ஓடுகிறது. அவள் தொடக்கக் கல்லூரிக்குப் போய்விட்டாள், இப்போது மகன் அதே பாடத்துக்கு வந்திருக்கிறான். இலவசம், உலாவியிலேயே திறக்கலாம்.

இணைகோட்டில் பெரிய சிக்கல் இல்லை, சாய்வு ஒன்றேதான். செங்குத்துக் கோட்டில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். சாய்வுகளின் பெருக்கல் −1 என்று தூக்கத்தில்கூடச் சொல்லும் பிள்ளையே பின்னத்தைக் கவிழ்த்துவிட்டுக் குறியை அப்படியே விட்டுவிடும். ஜியோஜிப்ராவில் ஒரு கோடு போட்டு, செங்குத்துக் கோட்டுக் கருவியை எடுத்து அந்தக் கோட்டையும் ஒரு புள்ளியையும் தொடுங்கள், அப்புறம் முதல் கோட்டை இழுத்துச் சுழற்றச் சொல்லுங்கள். ஒன்று ஏறுகோடாக இருந்தால் மற்றது இறங்குகோடு, ஒன்று நிமிர நிமிர மற்றது படுத்துக்கொண்டே போகும், இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குக் குறி ஏன் மாறுகிறது, பின்னம் ஏன் கவிழ்கிறது என்று தனியாக விளக்கத் தேவையில்லை. இந்த ஒன்றுக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

ஆனால் முதலில் தாள், பிறகுதான் திரை. சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வில் வரைபடக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை, கை பழகியே ஆக வேண்டும். 2எக்ஸ் + 3ஒய் = 12 என்ற கோடு, (4, 5) என்ற புள்ளி என்று வைத்துக்கொள்வோம். சாய்வு 2 என்று அவசரப்படக் கூடாது, ஒய்யைத் தனியாக்கினால் −2/3. புள்ளி வழியே போகும் இணைகோடு 2எக்ஸ் + 3ஒய் = 23. செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வு 3/2, ஆக 3எக்ஸ் − 2ஒய் = 2. கெழுக்கள், அதாவது எக்ஸ், ஒய்க்கு முன்னால் நிற்கும் எண்கள், இடம் மாறி ஒரு குறி மட்டும் மாறியிருப்பதைப் பாருங்கள். மகன் இதைத் தானாகக் கண்டுபிடித்தான், எனக்கு அவ்வளவு சந்தோஷம். விடையை எழுதி முடித்த பிறகு திரையில் தட்டிச் சரிபார்ப்பான்.

ஒரு விஷயம் கவனியுங்கள். இரண்டு அச்சுகளுக்கும் அளவுத்திட்டம் ஒன்றாக இல்லையென்றால் சரியான செங்குத்துக் கோடும் சாய்ந்தே தெரியும், எந்த வரைபடச் செயலியானாலும், வரைபடத் தாளானாலும் இதே கதைதான். பிள்ளை சரியாகப் போட்ட விடையை அழித்துவிடும்! அளவை 1:1 ஆக்கிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதேபோல எக்ஸ் = 4 மாதிரி நிமிர்ந்த கோட்டுக்குச் சாய்வே கிடையாது, அங்கே −1 விதி செல்லாது, (4, 5) வழியே அதற்குச் செங்குத்தானது ஒய் = 5, அவ்வளவுதான்.

இப்போது மகன் வட்டத்தில் இருக்கிறான். மையம் (1, 1), தொடும் புள்ளி (4, 5) என்றால் ஆரத்தின் சாய்வு 4/3, தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து என்பதால் அதன் சாய்வு −3/4, சமன்பாடு 3எக்ஸ் + 4ஒய் = 32. தாளில் அவனே போட்டான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.