சுங்கை சிப்புட்டில் என் கேரவனின் தாழ்ந்த இணைப்பைச் சரிசெய்து கொடுத்த பட்டறை

சுங்கை சிப்புட் நகரிலிருந்து லிந்தாங் செல்லும் சாலையை விட்டுத் திரும்பினால், எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மதகு இருக்கிறது. மதகின் முதுகு சாலையைவிட ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் உயரம். அதைத் தாண்டியதும் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் பள்ளமாக்கிய செம்மண் பாதை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய கேரவன் வீடு ஒன்றை வாங்கி ஹைலக்ஸ் பிக்கப்பில் பூட்டிக் கொண்டுவந்த முதல் நாளே, மதகில் ஏறும்போது அடியில் இரும்பு உராயும் சத்தம் கேட்டது. அதன்பின் போகும்போதும் வரும்போதும் அதே சத்தம்தான். மதகுக்கு முன்னால் தாரில் ஏர் உழுததுபோல் ஒரு கோடே விழுந்துவிட்டது. சென்ற பள்ளி விடுமுறையில் லுமுட் அருகிலுள்ள தெலுக் பாத்தேக் கடற்கரைக்குப் புறப்பட்ட அன்று கேரவனின் முன்சக்கரம், அதாவது நிறுத்தும்போது முன்பாகத்தைத் தாங்கும் சிறிய ஜாக்கி சக்கரம், அந்த இடத்தில் முட்டி வளைந்தே போனது. அதற்குப் பிறகுதான் இந்தப் பட்டறையைத் தேடிப் போனேன்.

பட்டறை நகரின் ஓரத்தில் ஒரு தகரக் கூரைக்கொட்டகை, பெயர்ப்பலகை கிடையாது. அங்கே நடக்கும் வேலையில் பெரும்பகுதி தோட்டங்களின் டிரக்டர்களும் குலை ஏற்றும் டிரெய்லர்களும்தான். நடத்துபவர் முன்பு ஒரு தோட்டத்தில் டிரக்டர் மெக்கானிக்காக இருந்தவர். கேரவனைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்ற தயக்கம் எனக்கு இருந்தது. சுமையோடு இழுபடும் வண்டிகளையே நாள்முழுதும் பார்ப்பவரைவிட இந்த வேலைக்குப் பொருத்தமானவர் யார் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் நாள் அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. “சார், வெறும் வண்டியைக் கொண்டுவந்து காட்டினால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஊருக்குப் போவதுபோல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள்” என்றார். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, எரிவாயு உருளை, ஜெனரேட்டர், பாய், பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனேன். கேரவனின் மொத்த எடை 950 கிலோ.

இணைப்பின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதை அவர் அளந்த விதத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். குளியலறையில் வைக்கும் சாதாரண எடைத்தராசு ஒன்றை எடுத்து வந்தார். ஒரு முனை செங்கல் மேலும் மறுமுனை தராசின் மேலும் இருக்கும்படி கனத்த பலகை ஒன்றைக் குறுக்கே வைத்தார். செங்கல்லிலிருந்து ஓர் அடி தூரத்தில் கேரவனின் மூக்கை, அதாவது முன்னாலுள்ள இணைப்பு முனையை, இறக்கினார். தராசு மூன்றடி தூரத்தில் இருந்தது. தராசு காட்டிய 54 கிலோவை மூன்றால் பெருக்கினால் 162 கிலோ. மொத்த எடையில் 17 விழுக்காடு மூக்கிலேயே கிடந்தது. பொதுவாகப் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். மிகக் குறைந்தால் நெடுஞ்சாலையில் கேரவன் வால் ஆட்டத் தொடங்கும், மிகக் கூடினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமிழ்ந்து முன்சக்கரங்களின் பிடி தளரும். ஜெனரேட்டரையும் தண்ணீர்க் கேன்களையும் நான் முன்பெட்டியில் அடுக்கியிருந்தேன். அவற்றை அச்சுக்கு நேர்மேலே நகர்த்தியதும் தராசு 39 காட்டியது, அதாவது 117 கிலோ. ஒரு காசு செலவில்லாமல் ஹைலக்ஸின் பின்பகுதி 15 மில்லிமீட்டர் எழுந்தது. பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்க்கச் சொல்லி எத்தனையோ பேர் எனக்கு யோசனை கூறியிருக்கிறார்கள். முன்பெட்டியைத் திறந்து பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

அடுத்து உயரங்கள். கேரவனைச் சமதளத்தில் மட்டமாக நிறுத்தி, ஹைலக்ஸின் இழுவைப் பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டும் இணைப்புக் குழியின் உள்உச்சி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார்: 455 மில்லிமீட்டர். ஹைலக்ஸின் டோ பாரில், அதாவது பின்னாலுள்ள இழுவைச் சட்டத்தில், பந்தைத் தாங்கும் பட்டையைச் செருகும் குழாயின் உள்மேல்விளிம்பு, எடை சரிசெய்த பிறகு, 465. பந்தின் உயரம் 65. ஆக, பந்து அமரும் தட்டு குழாயிலிருந்து 75 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். எனக்கு முன்பு வேறோர் ஊரில் பொருத்திக் கொடுத்த பட்டையோ 150 மில்லிமீட்டர் இறங்கியது! கையிருப்பில் இருந்ததை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். எடையும் சேர்ந்ததால் என் கேரவன் இரண்டு ஆண்டுகளாக 90 மில்லிமீட்டர் மூக்குக் குனிந்தே ஓடியிருக்கிறது. ஜாக்கி சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே 130 மில்லிமீட்டர்தான் மிஞ்சியிருக்கிறது.

அந்த 130 ஏன் மதகில் போதவில்லை என்பதையும் அவர் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்து காட்டினார். ஹைலக்ஸின் இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 3,085 மில்லிமீட்டர். என் வண்டியில் பின் அச்சிலிருந்து பந்து வரை 1,350. முன்சக்கரங்கள் மேடேறும்போது, பின்சக்கரத்தை நடுப்புள்ளியாகக் கொண்டு, சீசா பலகைபோல் பந்து கீழே இறங்குகிறது. முன்பக்கம் 300 ஏறினால் பந்து ஏறத்தாழ 131 இறங்கும். தாரில் விழுந்த கோட்டுக்குக் காரணம் அந்தக் கணக்கில் அப்படியே இருந்தது. வாழ்நாள் முழுதும் கணக்கு சொல்லிக்கொடுத்த எனக்கு அந்தக் கரும்பலகை மிகவும் பிடித்துப்போனது.

பழைய பட்டையை வெட்டி மேலே தூக்கி ஒட்டவைத்தால் மலிவாக முடியுமே என்று கேட்டேன். இழுவை தாங்கும் பட்டையில் வெல்டிங் வைக்க மாட்டேன் என்று உறுதியாக மறுத்து, 75 மில்லிமீட்டர் இறங்கும் புதிய பட்டையை ஈப்போவிலிருந்து வரவழைத்தார். பந்தைக் கழற்றியபோது அதன் உச்சியிலிருந்த கிரீஸைத் துடைத்துப் பொறிப்பைக் காட்டினார்: 2 இஞ்சு, அதாவது 50.8 மில்லிமீட்டர். கேரவனின் குழியிலோ 50 என்று பொறித்திருந்தது. ஒவ்வொரு முறையும் பூட்டுக் கைப்பிடியைச் சுத்தியலால் தட்டித்தான் அடைத்தேன். பழைய பொருள் இறுகிக் கிடக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அரைகுறையாக அடைபட்ட பூட்டோடு மனைவியையும் பேரப்பிள்ளைகளையும் லுமுட் வரை அழைத்துப் போயிருக்கிறேன் என்று தெரிந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. இப்போது 50 மில்லிமீட்டர் பந்து. கைப்பிடி விரலால் அழுத்தினாலே அடைகிறது.

மூக்கு உயர்ந்தால் வால் இறங்கும் என்பதை யாரும் எனக்கு முன்பு சொன்னதில்லை. முன்னால் 90 ஏறியபோது கேரவனின் பின்விளிம்பு 55 மில்லிமீட்டர் தாழ்ந்தது. கழிவுநீர்க் குழாயின் வாய் அங்கேதான் தொங்குகிறது. அதை மேலே தூக்கிக் கட்டி, பின்சட்டத்தின் இரு மூலைகளிலும் இரும்பு உருளைகளைப் பொருத்தினார். தரை தொட்டாலும் உருளை சுழன்று போகும், சட்டம் அடிபடாது. ஜாக்கி சக்கரத்துக்குப் பதிலாகப் பக்கவாட்டில் மடக்கி வைக்கும் வகையைப் போட்டார். இப்போது முன்பக்கத்தில் மிகத் தாழ்ந்த பொருள் பந்தின் நட்டு. அது தரையிலிருந்து 335 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது.

கேரவனையே உயர்த்திவிடலாம் என்பது என் ஆசை. ஸ்பிரிங் பட்டைகள் அச்சுக்குக் கீழே இருக்கின்றன. அவற்றை அச்சுக்கு மேலே மாற்றினால் வண்டி முழுவதும் நன்றாக எழும்பும். “சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் வாங்கி, புஸ்பகோம் வாகனப் பரிசோதனைக்கும் நிறுத்துவதாக இருந்தால் செய்கிறேன், சார். இல்லையென்றால் வேண்டாம். உயரம் கூடினால் வளைவில் சாய்வும் கூடும்” என்றார். வேலை கூடினால் அவருக்குத்தான் வருமானம். இருந்தும் வேண்டாம் என்றதை நான் மதிக்கிறேன். எடையைப் பகிர்ந்தளிக்கும் நீண்ட கம்பிகள் கொண்ட இணைப்பையும் அவர் பரிந்துரைக்கவில்லை. அந்தக் கம்பிகள் இணைப்புக்குக் கீழே தொங்குவதால், எங்கள் பாதையில் மீட்டெடுத்த உயரத்தை அவையே விழுங்கிவிடும்.

மொத்தச் செலவு 770 ரிங்கிட்: பட்டை 260, பந்து 60, ஜாக்கி சக்கரம் 180, உருளைகளும் அவற்றின் தாங்கிகளும் 120, கூலி 150. நியாயமான விலை என்றே கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. பொருள்கள் வந்து வேலை முடிய மூன்று சனிக்கிழமைகள் ஆயின. தோட்டத்து டிரக்டர் ஒன்று வந்தால் நம் வண்டி ஓரத்துக்குப் போய்விடும். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இவற்றைவிட எனக்கு வருத்தம் தந்தது விளக்குகளுக்கான மின்கம்பி. பட்டையை உயர்த்தியவர் கம்பியின் நீளத்தைக் குறைத்துக் கட்ட மறந்துவிட்டார். அது தொங்கி, தாரில் உராய்ந்து, உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. பிரேக் விளக்கு எரியாத கேரவனை நெடுஞ்சாலையில் இழுப்பது விளையாட்டல்ல. காட்டியதும் மன்னிப்புக் கேட்டார், புதுக் கம்பி போட்டு மேலே கட்டிக்கொடுத்தார், பணம் வாங்கவில்லை. ஆனாலும் வண்டியை எடுக்கும் முன் குனிந்து அடியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேலை முடிந்து நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பந்தின் நட்டை மீண்டும் இறுக்க வரச் சொல்லியிருந்தார். போனபோது கால் சுற்று இறுகியது. திரும்பி வரும் வழியில் மதகுக்கு முன்னால் மனைவியை இறக்கி, ஓரமாக நின்று அடியில் பார்க்கச் சொன்னேன். ஹைலக்ஸ் ஏறியது, கேரவனும் பின்னால் ஏறியது. “இடையில் கை நுழையும்” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.