கஞ்சி ஊற்றும் முன்: எக்ஸ்-ரேயா, பிஹெச் தாளா, அல்ட்ராசவுண்டா?

"சிஸ்டர், ட்யூப்ல எப்போ கஞ்சி ஊத்துவீங்க?" வேலூர் சிஎம்சி மருத்துவமனை ஆகட்டும், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை ஆகட்டும், ஆபரேஷன் முடிந்தவரின் உறவினர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. அவர்களுடைய அவசரம் புரிகிறது. ஆனால் மூக்கு வழியாக இரைப்பைக்குப் போக வேண்டிய அந்த ரைல்ஸ் ட்யூப்பின் நுனி தப்பித்தவறி மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால், ஊற்றுவதெல்லாம் நுரையீரலில்தான் இறங்கும். மயக்கம் தெளியாதவரும் வென்டிலேட்டரில் இருப்பவரும் இருமிக் காட்டக்கூட மாட்டார்கள். ஆகவே முதல் துளிக்கு முன் நுனி எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

ஒரு முறையை இப்போதே தள்ளிவிடலாம். சிரிஞ்சால் காற்றடித்து, வயிற்றில் ஸ்டெத் வைத்துச் சத்தம் கேட்பது. நுனி நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் வயிறு வரை கேட்கும். பிரிட்டனின் நோயாளி பாதுகாப்பு முகமை 2005-லேயே இதை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தது. நம் பக்கத்தில் இன்னும் விடவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். நீல லிட்மஸ் தாளும் போதாது. அமிலம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

அமிலத்தின் அளவை எண்ணாகக் காட்டும் பிஹெச் தாள் மலிவு, படுக்கையருகிலேயே நிமிடத்தில் முடியும். எண் குறையக் குறைய அமிலம் அதிகம். குழாயிலிருந்து உறிஞ்சிய நீர் 5.5 அல்லது அதற்குக் கீழ் காட்டினால் ஊற்றலாம். சிக்கல் என்னவென்றால், ஆபரேஷன் ஆனவர்களில் பலருக்கு அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் ஊசி ஓடிக்கொண்டிருக்கும். அமிலம் குறைந்திருப்பதால், இரைப்பையிலேயே இருக்கும் குழாயும் 6, 7 என்று காட்டும். இரைப்பையை எடுத்துவிட்டவருக்கு இந்தத் தாளால் பயனே இல்லை. சிலருக்கு உறிஞ்சினால் நீரே வராது.

அப்போது எக்ஸ்-ரே. குழாய் மூச்சுக்குழல் பிரியும் இடத்தை நடுவாகக் கடந்து, எந்தப் பக்கக் கிளையிலும் நுழையாமல், உதரவிதானத்தைத் தாண்டி, நுனி இடப்பக்கம் கீழே தெரிய வேண்டும். கதிர்வீச்சைப் பற்றிக் கவலை வேண்டாம்; ஒரு மார்புப் படத்துக்கு 0.1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாது. பயப்பட வேண்டியது படத்தைப் படிப்பவரின் அவசரத்தைத்தான். 2011-இல் அதே முகமை ஆராய்ந்தபோது, குழாய் விபத்துகளுக்கு முதன்மைக் காரணமாக நின்றது எக்ஸ்-ரேயைத் தவறாகப் படித்ததே. இன்னொன்று: படம் எடுத்த நொடியைத்தான் அது காட்டும். அரை மணி கழித்து நோயாளி வாந்தி எடுத்தால் அந்தப் படத்துக்கு மதிப்பில்லை.

இனி அல்ட்ராசவுண்ட். இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும். கழுத்தில், தைராய்டின் இடப்பக்கத்துக்குப் பின்னால் உணவுக்குழாய் தெரியும். குழாய் அதற்குள் போயிருந்தால் பளிச்சென்று ஒரு கோடு. ஆனால் நுனி இரைப்பைக்கு இறங்கியதா, பாதியில் சுருண்டதா என்று கழுத்து சொல்லாது. அதற்கு மேல்வயிற்றில் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாகத் தெரிந்தால் நல்ல நம்பிக்கை கிடைக்கும். தெரியாவிட்டால்? குழாய் இரைப்பையில் இல்லை என்று அர்த்தமில்லை, தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். இந்த வேறுபாட்டை மறப்பவர் கையில் அல்ட்ராசவுண்ட் ப்ரோப் இருக்கக் கூடாது.

வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு இது இன்னும் மோசம். மேல்வயிற்றில் கட்டு, தையல், குடலில் வாயு, வயிற்றைத் திறந்தபோது உள்ளே புகுந்த காற்று. ஒலி அலை காற்றைத் தாண்டிப் போகாது. தலை ஆபரேஷன், எலும்பு ஆபரேஷன் ஆனவர்களிடம் இதே கருவி அழகாக வேலை செய்யும்.

தெளிவில்லாதபோது காற்று கலந்த உப்புநீரைக் குழாயில் செலுத்தி, இரைப்பையில் புகை போலப் பரவுவதை அல்ட்ராசவுண்டில் பார்ப்பதுண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. உறுதியாவதற்கு முன் குழாயில் எந்தத் திரவத்தையும் செலுத்தக் கூடாது என்பதுதான் விதி. அப்படித் தண்ணீர் விட்டதால் நேர்ந்த கேடுகளுக்காகவே 2012-இல் அதே பிரிட்டன் முகமையிடமிருந்து தனி எச்சரிக்கை வந்தது. காற்று மட்டும் செலுத்தி அல்ட்ராசவுண்டில் பார்ப்பது பரவாயில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பும், அல்ட்ராசவுண்டை மட்டுமே நம்பிக் குழாயை உறுதிசெய்யப் போதிய சான்று இல்லை, எக்ஸ்-ரே எளிதில் கிடைக்காத இடங்களில் உதவலாம் என்றே முடித்தது. நம் நாட்டில் சட்டச் சிக்கலும் உண்டு. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டப்படி மெஷினும் அது இருக்கும் இடமும் பதிவாகியிருக்க வேண்டும், தகுதி பெற்ற மருத்துவரே இயக்க வேண்டும். குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ ஒரு சின்ன நர்சிங் ஹோமில், நடுராத்திரியில் நர்ஸ் எடுத்துப் பார்க்கும் கருவி இல்லை அது. பிஹெச் தாளுக்கு அந்தத் தடை எதுவும் இல்லை.

ஆகவே என் வரிசை இது: முதலில் பிஹெச் தாள். 5.5-க்கு மேல் காட்டினாலோ நீர் வராவிட்டாலோ எக்ஸ்-ரே. டெக்னீஷியன் வரத் தாமதமானால், அதற்குள் பயிற்சியுள்ள மருத்துவர் அல்ட்ராசவுண்டில் பார்க்கட்டும். உணவுக்குழாயில் குழாய் தெரியவில்லை என்றால் சந்தேகம் கூடுகிறது, அவ்வளவுதான். ஊற்ற அனுமதி எக்ஸ்-ரேயிலிருந்தே வரட்டும், அதுவரை கஞ்சி காத்திருக்கட்டும். உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ தையல் போட்டவருக்கு மட்டும், குழாய் தவறாக இருப்பதாகத் தெரிந்தாலும் நகர்த்தவோ மாற்றிப் போடவோ கூடாது. ஆபரேஷன் செய்த மருத்துவரை எழுப்பிக் கேளுங்கள். உறுதியானதும் மூக்கின் விளிம்பில் உள்ள சென்டிமீட்டர் குறியைக் கேஸ் ஷீட்டில் எழுதி, ஒவ்வொரு முறை ஊற்றும் முன்னும் அதே குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.