மெஷின் பாலிஷ்னு 14,500 ரூபா வாங்கிட்டு கையால தேய்ச்சுக் குடுத்திருக்காங்க. உஷார்!

கோவைல ஒரு கார் டீட்டெயிலிங் கடை. பேர் போடலை. என்னோட கறுப்பு கலர் ஹேட்ச்பேக்குக்கு ரெண்டு ஸ்டெப் மெஷின் பாலிஷ், மொதல்ல காம்பவுண்ட் (கீறலைத் தேய்ச்சு எடுக்கற பேஸ்ட்), அப்புறம் ஃபினிஷிங், ரூ.14,500-னு பேசி முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கிட்டாங்க. ஒழுங்கா மெஷின் பட்டது பானட்டுல ரெண்டடிக்கு ரெண்டடி, அவ்வளவுதான். என்னென்ன செக் பண்ணணும்னு கடைசில முழு லிஸ்ட் போடுறேன். அதுக்கு முன்னாடி இவங்க பண்ணின வேலையப் படிங்க.

நம்ப வெச்சதே அந்த ரெண்டடிதான். டெமோன்னு சொல்லி பானட் நடுவுல மாஸ்கிங் டேப் ஒட்டி, பெயிண்ட்ல ஒட்டின அழுக்கை எடுக்கற களிமண் பார் (கிளே பார்) போட்டு இழுத்து, டி.ஏ.ங்கற டூயல் ஆக்‌ஷன் பாலிஷ் மெஷின்ல ஃபோம் பேட் மாட்டி, பட்டாணி சைஸ்ல நாலு சொட்டு காம்பவுண்ட் வெச்சு, குறுக்கும் நெடுக்குமா மெதுவா ஓட்டினாங்க. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கற ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) ஸ்ப்ரே அடிச்சுத் துடைச்சு டார்ச் அடிச்சா, டேப்புக்கு இந்தப் பக்கம் சிலந்தி வலை மாதிரி கீறல், அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. ஒரு குறை சொல்ல முடியாத வேலை. "முழு வண்டியும் இப்படித்தான் சார் வரும், விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கலாம்"னாங்க. சாயங்காலம் பார்த்தா வண்டி கண்ணாடியாட்டம் மின்னுது.

ரெண்டு தடவை ஷாம்பூ வாஷ் ஆச்சு, மொத்தக் கீறலும் திரும்ப வந்துடுச்சு. அந்த டெமோ சதுரம் மட்டும் அப்படியே பளபளன்னு இருக்கு. டேப் ஒட்டின கோடு வரைக்கும் வெயில்ல தெளிவாத் தெரியுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? மீதி இடமெல்லாம் ஸ்பாஞ்சுல கிளேஸ்ங்கற பளபளப்பு கிரீமைத் தொட்டு கையால தேய்ச்சிருக்காங்க. கிளேஸ்ல இருக்கற எண்ணெயும் ஃபில்லரும் கீறல் பள்ளத்துல போய் உட்கார்ந்துக்கும். வெளிச்சம் சிதறாது, அதனால கீறல் கண்ணுக்குத் தெரியாது. கழுவக் கழுவ அது கரைஞ்சு வெளிய வந்துடும்.

கீறல் நிஜமாப் போகணும்னா கிளியர் கோட்டோட (கலருக்கு மேல இருக்கற நிறமில்லாத பெயிண்ட் அடுக்கு) மேல்பரப்பை சில மைக்ரான் சீராக் குறைக்கணும். கையால அது நடக்காதுன்னு இல்ல, ஒரு முழு வண்டிக்கு நடக்காது. விரல் படற இடத்துல அழுத்தம் அதிகம், விரலுக்கு நடுவுல கம்மி. சில காம்பவுண்ட்ல இருக்கற துகள் உடைஞ்சு நைசாகற அளவுக்குக் கை வேகமும் வராது. கதவுக் கைப்பிடி குழி, சைடு மிரர் அடிப்பக்கம், எம்ப்ளம் சுத்தி, இப்படி பேட் நுழையாத இடத்துக்குக் கைதான் சரி. அதை யாரும் குறை சொல்லலை. கை வேலைக்குக் கை வேலை ரேட்ட வாங்கு, 14,500 எதுக்கு?

இதைவிட வயிறு எரியறது டிக்கி டோர். அங்க ஆழமா ஒரு கீறல் இருந்துச்சு. அதை எடுக்கறேன்னு ரோட்டரிங்கற இன்னொரு வகை பாலிஷ் மெஷின்ல வூல் பேட் மாட்டி ஓரத்துல வெச்சு அழுத்தியிருக்காங்க. டி.ஏ. மெஷின் சுத்திக்கிட்டே ஆடும், ரொம்ப அழுத்தினா சுத்தறதே நின்னுடும். ரோட்டரி நிக்காது. ஒரே அச்சுல சுத்தறதால சூடு ஒரே இடத்துல ஏறும், ஓரத்துல வெச்சா மொத்த அழுத்தமும் ஒரு கோட்டு மேல விழும். கம்பெனி பெயிண்ட்ல கிளியர் கோட்டே பெரும்பாலும் 35-லருந்து 50 மைக்ரான்தான், ஓரத்துல அதுவும் மெல்லிசு. சில நொடில தேய்ஞ்சு போயிடும். இப்ப அங்க ஒரு மங்கின பட்டை. கிளியர் கோட் போன இடத்துல எத்தனை பாலிஷ் போட்டாலும் பளபளப்பு திரும்பாது, அந்தப் பேனலுக்கு ரீபெயிண்ட்தான். பட்டைய ஒட்டி வில்லு வில்லா, ரோட்டரி விட்டுட்டுப் போன ஹாலோகிராம் கோடு, ரப்பர் பீடிங்ல காஞ்ச வெள்ளைக் காம்பவுண்ட். டேப் ஒட்டவே இல்லைங்கறதுக்கு வேற ஆதாரம் வேண்டாம்.

கேட்டா என்ன பதில்னு பாருங்க. மொதல்ல "வெளிய எங்கயாவது வாட்டர் வாஷ் விட்டீங்களா சார்?" அப்புறம் "பழைய பெயிண்ட் சார், இவ்ளோதான் வரும்." பழைய பெயிண்ட்னா டெமோ சதுரம் மட்டும் எப்படி வந்துச்சு? அதுக்குப் பதில் இல்ல. டிக்கியக் காட்டினா "இது முன்னாடியே இருந்திருக்கும்." வண்டி விட்டப்ப எடுத்த போட்டோவ அனுப்பினேன். ரெண்டு ப்ளூ டிக், பதில் வரலை. அடுத்து போன் எடுத்த பையன் "அந்த வேலை பார்த்தவரு இப்ப இங்க இல்லைண்ணா, ஓனர் ஊருக்குப் போயிருக்காரு"ங்கறான். ஓனர் ஊர்லருந்து வந்து சொன்னது இன்னும் அருமை: "ஒரு 6,000 போடுங்க சார், கோட்டிங் போட்டு மறைச்சுடலாம்." 14,500-ஐத் திருப்பிக் குடுன்னா, போட்டதுக்கு மேல 6,000 கேக்கறாங்க! மறைக்கறதுன்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரு.

லிஸ்ட் போடறேன்னேன், இப்ப இருக்கற கடுப்புல இவ்வளவுதான் வருது. டெமோவப் பார்த்து மயங்காதீங்க, வேலை நடக்கறப்ப ரெண்டு மூணு தடவை சொல்லாமப் போய் நில்லுங்க. ரெண்டு ஸ்டெப் மெஷின் பாலிஷ் சின்ன வண்டிக்கே ஒரு முழு நாள் வேலை, மத்தியானமே ரெடின்னா சந்தேகப்படுங்க. வண்டி எடுக்கறப்ப ஐபிஏ-ல தண்ணி கலந்து, டெமோ பார்க்காத ஒரு பேனல்ல உங்க முன்னாடியே துடைக்கச் சொல்லி, வெயில்ல நிறுத்திப் பாருங்க, கடை லைட்ல வேண்டாம். பெயிண்ட் கேஜ் (பெயிண்ட் தடிமனை அளக்கற கருவி) ரீடிங் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, எழுத்துல வாங்குங்க. ஓரத்துல டேப் ஒட்டாம ரோட்டரி எடுத்தா அங்கயே நிறுத்துங்க. பாதிக்கு மேல அட்வான்ஸ் தராதீங்க. என்கிட்ட 14,500-க்கு இருக்கறது கையெழுத்துகூட இல்லாத எஸ்டிமேட் தாள். ஜிஎஸ்டி நம்பரோட பில்லு கேட்டு வாங்குங்க, அதுல "டி.ஏ. மெஷின், ரெண்டு ஸ்டெப், முழு வண்டி"ன்னு எழுதச் சொல்லுங்க.