நிலையான உச்சமா, படிநிலை அட்டவணையா?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் அலுவலகத்தில் நானும் மூத்த சகாவான அண்ணன் ஒருவரும் லினக்ஸுக்கான ஒரே பேட்சை (நிரல் திருத்தத்தை) வைத்து இரண்டு நாள் வாதிட்டோம். இஎம்எம்சி (கருவிக்குள் பதித்த நினைவகச் சில்லு) சேமிப்பகத்துக்கான பஸ் பட்டையகலத்தை, அதாவது தரவுப் பாதையிடம் கேட்கும் வேகத்தை, வன்பொருளை இயக்கும் டிரைவரில் ஒரே உச்ச எண்ணாக எழுதிவிடுவதா, வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் கிளாக் வேகத்துக்கேற்ற அட்டவணையாகத் தருவதா என்பதே கேள்வி.

உச்ச எண் எளிது. வேகம் குறைகிறதென்ற புகாரும் எழாது. ஆனால், 2019இல் லினக்ஸ் 5.1உடன் வந்த இன்டர்கனெக்ட் கட்டமைப்பு (சில்லுக்குள் தரவுப் பாதைகளின் வேகத்தை நிர்வகிப்பது), பொதுவாகச் சராசரிக் கோரிக்கைகளைக் கூட்டி, உச்சக் கோரிக்கைகளில் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்வதால், சேமிப்பகம் சும்மா இருக்கையில் அந்தக் கோரிக்கையை டிரைவர் விலக்காவிட்டால், மற்ற வன்பொருள்கள் ஓய்ந்திருந்தாலும் பாதை முழுவதும் விழித்திருந்து பேட்டரியைத் தின்னும்.

அட்டவணையில் கிளாக் குறையும்போது கோரிக்கையும் குறைவதால் இதைத் தவிர்க்க முடியும்; ஆகவே நான் அதன் பக்கம். எனினும் அதிலுள்ள எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. எச்எஸ்400 என்ற இஎம்எம்சியின் அதிவேக முறையில் 200 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கின் இரு விளிம்புகளிலும் எட்டுத் தடங்களில் தரவு செல்வதால், எல்லை விநாடிக்கு 400 மெகாபைட், அதாவது 400,000 கிலோபைட். பேட்சிலோ உச்சம் 1,600,000 கிலோபைட், அதாவது நான்கு மடங்கு, என்றிருந்தது. தாமதத்தைக் குறைக்கப் பஸ்ஸை வேண்டுமென்றே வேகமாக ஓட்டுவதும் உண்டு. தயாரிப்பாளரின் பழைய கோப்பிலிருந்து அப்படியே ஒட்டுவதும் உண்டு. (பின்னதே அடிக்கடி நடப்பது.)

“ஓடுதுல்ல தம்பி, விடேன்,” என்றார் அண்ணன். அளந்து பார்த்த எண்ணா என்று பேட்சின் கீழ் ஒரே வரியில் கேட்டுவிட்டேன்.